ரெண்டு பக்கமும் பிளக்

கிளிஞ்சல் தீவு
8.6.2025

அன்புத் தங்கச்சி அமிர்தவல்லிக்கு அண்ணன் சிவசாமி எழுதுவது.

கப்பலில் மூன்று நாள் வாந்தி. கரை இறங்கியதும் சரியாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே போன் எடுக்காது. டவருக்கு டீசல் வந்தால்தான் உயிர், டீசல் கப்பலில்தான் வரவேண்டும், கப்பலோ பத்து நாளைக்கு ஒரு தடவை. அதனால்தான் இந்தக் கடுதாசி. அந்தமான் பக்கம் என்றாலும் ஊரில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். பயப்படாதே.

"அப்படி என்னண்ணே போட்டி, அங்கிட்டுப் போயி நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று பஸ் ஏற்றும்போது கேட்டாய். பஸ்ஸும் கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன். ஒரு அறக்கட்டளை போட்டி வைத்திருக்கிறது. தீவு ஜனங்கள் வெயிலிலும் காற்றிலும் தாங்களே கரண்டு எடுத்து, தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள யார் நல்ல திட்டம் போடுகிறார்கள் என்று. மூன்று குழு தேறியிருக்கிறது. ஆளுக்கொரு குடியிருப்பில் கட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள். மழைக்காலம் முழுக்க நடுவர்கள் கூடவே இருந்து பார்த்து, அக்டோபர் ஐந்தாம் தேதி தீர்ப்பு எழுத வேண்டும். ஜெயிக்கிற திட்டத்தை நாற்பது தீவில் போடுவார்களாம்.

நடுவர் மூன்று பேர். சென்னைப் பேராசிரியை மீனாக்ஷி அம்மா, பூர்வீகம் நம்ம திருமயம் பக்கம். ஜஸ்டின் என்று காற்றாலை இன்ஜினியர் ஒருவர். மூன்றாவது நான், முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறின லைன்மேன். கஜா புயலுக்குப் பிறகு ஆராய்ச்சிக்கு வந்தபோது என்னைப் பார்த்ததை அந்த அம்மா ஞாபகம் வைத்திருக்கிறார். "கட்டுறவங்க பேச்சக் கேட்டாச்சு, ஏறுறவங்க பேச்சும் வேணுமுல்ல" என்றார்.

தம்பி வீட்டில் கார்த்திகாவும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள்? நான் கேட்டேன் என்று சொல்லாதே. எனக்கு மட்டும் எழுது.

உப்புக்காற்றில் சட்டை காயமாட்டேன் என்கிறது. மற்றபடி சௌக்கியம்.

அண்ணன்
சிவசாமி


கந்தர்வக்கோட்டை
26.6.2025

அண்ணனுக்கு அமிர்தவல்லி வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் நல்லபடி. முழங்கால் அப்படியேதான், மாடி ஏறினால் சண்டைக்கு வருகிறது. நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

நடுவராமே நடுவர்! கபடியில் தொட்டாலும் தொடவில்லை என்று அழுகுணி ஆட்டம் ஆடின ஆளை நடுவராகப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தேன். போஸ்ட்மேன்கூட "யாரும்மா இந்தக் காலத்துல கடுதாசி போடுறது" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்க அண்ணன் தீவுக்கு அதிகாரி என்றேன்.

கார்த்திகா நன்றாக இருக்கிறாள். இலக்கியா பிளஸ் டூ. தினமும் இங்கேதான் வந்து படிக்கிறாள், சாப்பிடுகிறாள். நடுவில் இருக்கிற வேலிப் படல் திறந்தேதான் கிடக்கும். "அண்ணி, அண்ணி" என்று கார்த்திகாவும் நாளைக்குப் பத்துத் தடவை வந்துவிடுவாள். உங்கள் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். நம்ம தம்பி செல்லமுத்து கம்பத்தில் உயிரை விட்டு ஏழு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் "ஏறுடான்னு சொன்னது அவருதானே" என்கிறாள். நான் என்ன செய்ய, சொல்லுங்கள்.

புயலுக்கு அப்புறம் வைத்த முந்திரி எல்லாம் இந்த வருஷம் நன்றாகவே காய்த்தது. நீங்கள் வரும்போது வறுத்துத் தருகிறேன்.

தங்கை
அமிர்தவல்லி


கிளிஞ்சல் தீவு
10.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசி மழையில் நனைந்து வந்தது. காய வைத்துப் படித்தேன். எனக்கு ஒரு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

மூன்று திட்டத்தில் எழிலரசன் என்கிற பையனுடைய குழுதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். ஒவ்வொரு கூரையிலும் சோலார் தகடு. உன் வீட்டில் மிஞ்சினது பக்கத்து வீட்டுக்கு, அவர்களுக்கு மிஞ்சினது உனக்கு. கம்பத்து லைனில் பழுது வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற பெட்டி தானாகவே வீட்டை லைனிலிருந்து துண்டித்துவிடும். பழுது பார்க்கிறவன் தைரியமாகக் கம்பம் ஏறலாம். நல்ல மூளை.

ஆனால் போன வாரம் மீன் காய வைக்கிற ஒரு அம்மா வீட்டுக்குப் போனேன். பழுது நேரத்தில் அவருடைய ஐஸ் பெட்டிக்குக் கரண்டு நின்றுபோகிறது, மீன் கெடுகிறது. அதனால் பெட்டியைத் தாண்டி ஒரு ஒயர் போட்டிருக்கிறார். ஒயரின் இரண்டு முனையிலும் பிளக். ஒன்று தகட்டு பேட்டரியில், இன்னொன்று சுவரில். மெயின் சுவிட்சை இறக்காமல் அதைச் செருகினால் அந்த வீட்டுக் கரண்டு வெளியே கம்பத்துக்குப் போகும். கம்பத்தில் இருக்கிறவன் செத்த லைன் என்று நினைத்துக் கையை வைப்பான்.

அந்த ஒயரைக் கையோடு பிடுங்கச் சொன்னேன் அமிர்தம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கஜா சமயம் நம்ம பக்கம் எல்லோரும் வாடகை ஜெனரேட்டர் வைத்திருந்தார்களே, அதில் யாராவது இப்படி ஒயர் வைத்திருந்தார்களா? நான் லைனிலேயே கிடந்தேன், வீடுகளுக்குள் போகவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

அண்ணன்
சிவசாமி


கந்தர்வக்கோட்டை
28.7.2025

அண்ணனுக்கு,

காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள், மனசு கேட்கவில்லை. கஷாயம் வைத்துக் குடியுங்கள். இங்கே நாங்கள் சுகம்.

சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. உங்கள் மாப்பிள்ளைக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கடலைக் கொல்லையில் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, நானும் கார்த்திகாவுமே எடுத்து முடித்தோம். இலக்கியா பரீட்சையில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். ஏரிக்குள் கருவேலம் வெட்டுகிறார்கள். பஸ் நிறுத்தத்தில் புது நிழற்குடை போட்டார்கள், அதில் ஆடுகள்தான் படுத்திருக்கின்றன.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழையில் நனையாதீர்கள்.

தங்கை
அமிர்தவல்லி


கிளிஞ்சல் தீவு
9.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கன்று போட்ட சேதி சந்தோஷம். நீ களை எடுத்த முழங்காலுக்குத் தைலம் போட்டாயா? நான் தேகத்துக்குச் சுகம். மனசு சரியில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆடு படுத்ததெல்லாம் இருக்கிறது, அது இல்லை.

செவ்வாய்க்கிழமை காற்றடித்து எழிலரசன் கட்டின லைன் அறுந்தது. இந்த ஊர் லைன்மேன் மரியசெல்வம் கம்பம் ஏறினான். நான் கீழே நின்றேன். சங்கிலி போட்டாயா என்று கேட்டேன். லைனைத் தரையோடு சேர்த்துக் கட்டும் எர்த் சங்கிலி, அது கிடந்தால் எந்தக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். "பெட்டிதான் எல்லாத்தையும் நிறுத்திருச்சே, என்னத்துக்குங்க ஐயா" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் கையை வைத்துவிட்டான். தூக்கி எறிந்தது. இடுப்பில் பெல்ட் இருந்ததால் தொங்கினான். உயிர் இருக்கிறது. வலது கை வெந்துபோயிருக்கிறது.

அந்த அம்மா வீட்டு ஒயர்தான். நான் பார்த்த அன்றே பிடுங்கச் சொன்னேன். நான் போனதும் திரும்பச் செருகியிருக்கிறார். அவரையும் என்ன சொல்ல? பிழைப்பு.

அன்று நடுவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இந்தத் திட்டம் இப்படியே நாற்பது தீவுக்குப் போகக் கூடாது என்றேன். ஜஸ்டின் நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கில் பேசுகிறவர். "ஒரு அம்மா செஞ்ச தப்புக்காக ஒரு நல்ல திட்டத்தைத் தள்ள முடியுமா சார்? இதனால யாராவது செத்த கேஸ் உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா எழுதிக் கொடுங்க" என்றார். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

புயல் அடித்த பன்னிரண்டாம் நாள் உன் முந்திரிக் கொல்லைக் கம்பத்தில் நடந்தது உனக்குத் தெரியும். காலையில் லைனைச் சோதித்தேன். சாயங்காலம் சோதிக்கவில்லை. சங்கிலி இன்னொரு வேலைக் கேங்கிடம் இருந்தது. இருட்டுவதற்குள் உன் தெருவுக்கு லைட் எரியவேண்டும் என்று, என் கேங்கிலேயே இருந்த தம்பியிடம் "செத்த லைனுதான், ஏறுடா" என்றேன். அது என் தப்பு. கார்த்திகா என் முகத்தில் முழிக்காமல் இருப்பது நியாயம்தான். ஆனால் காலையில் செத்துக் கிடந்த லைனுக்குச் சாயங்காலம் எப்படி உயிர் வந்தது?

நேராகவே கேட்கிறேன். அன்று சாயங்காலம் உன் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியதா?

அண்ணன்
சிவசாமி


கந்தர்வக்கோட்டை
27.8.2025

அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய வேண்டும்.

போனவனை எதற்கு இப்போது தோண்டி எடுக்கிறீர்கள்? தீவில் யாரோ மீன்காரி செய்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? நீங்கள் நடுவராகப் போனது அங்கேயா, என் வீட்டுக்கா? அன்று ஊரில் எல்லார் வீட்டிலும்தான் ஜெனரேட்டர் ஓடியது. என்னை மட்டும் கேட்கிறீர்கள். உங்கள் தம்பி எனக்கும் தம்பிதான், ஐந்து வயது வரைக்கும் என் இடுப்பில்தான் கிடந்தான்.

கார்த்திகா "யாரு அண்ணி கடுதாசி" என்று கேட்டாள். எல்.ஐ.சி. என்று சொன்னேன். இனிமேல் இதைப்பற்றி எழுதாதீர்கள்.

அமிர்தவல்லி


கிளிஞ்சல் தீவு
8.9.2025

அமிர்தவல்லிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இரு.

இதுதான் நான் இதைப்பற்றி எழுதும் கடைசிக் கடுதாசி. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கையெழுத்து. மீனாக்ஷி அம்மா இரண்டு பக்கமும் சாயாமல் இருக்கிறார். "நீங்க எதையோ மறைக்கிறீங்க சிவசாமி ஐயா. சொன்னீங்கன்னா நான் உங்க கூட நிப்பேன்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது என் சமாச்சாரம் மட்டும் இல்லை.

நான் பேசாமல் கையெழுத்துப் போட்டால் நாற்பது தீவில் நாற்பது மரியசெல்வம் கம்பம் ஏறுவான். அவன் பெண்டாட்டி தினமும் அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள், பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி ஒரு கப்பல் வருகிறது. தீர்ப்புக்கு முன்னால் அதுதான் கடைசி.

அண்ணன்


கந்தர்வக்கோட்டை
19.9.2025

அண்ணே,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. எப்படியாவது நன்றாக இருங்கள்.

ஓடியது. என் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. நான்தான் போட்டேன்.

நீங்கள் அந்த வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். "மெயின இறக்கிட்டுத்தான் ஒயரச் செருகணும், மறந்துறாத" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். நானும் அதுவரைக்கும் தினமும் அப்படித்தான் செய்தேன். அன்று மத்தியானம் தெருவில் "இன்னைக்குக் கரண்டு வந்துரும்" என்று பேச்சு. எல்லார் வீட்டிலும் மெயினை ஏற்றி ஏற்றிப் பார்த்தார்கள். நானும் வந்துவிட்டதா என்று பார்க்க ஏற்றினேன். வரவில்லை. இறக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான் அண்ணே. மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மாடு தண்ணிக்குக் கத்தியது. அவர் குடிதண்ணி லாரிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். நான் ஒயரைச் செருகி ஜெனரேட்டரை இழுத்துவிட்டேன். மோட்டார் போடப் போகும்போது ஜெனரேட்டர் ஒரு தரம் திணறியது. திரும்ப ஓடியது. அந்தத் திணறலை நான் இன்றைக்கும் கேட்கிறேன். அப்புறம் கொல்லைப் பக்கம் உங்கள் கத்தல். அத்தனையும் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

உங்கள் கடைசிக் கடுதாசி வந்து நாலு நாள் ஆகிறது. மரியசெல்வத்துக்குச் சோறு ஊட்டுகிற அந்தப் பிள்ளை கண்ணிலேயே நிற்கிறாள்.

எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் "நான்தான் ஏறச் சொன்னேன்" என்று எல்லார் முன்னாலும் மண்ணில் விழுந்து அழுதீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பயம். அப்புறம் கார்த்திகா என் மடியில் படுத்து உங்களைத் திட்டி அழுதாள். அந்தத் தலையைத் தடவிக்கொண்டே எப்படிச் சொல்வேன்? சொன்னால் படலைச் சாத்திவிடுவாள், பிள்ளையை அனுப்பமாட்டாள் என்று பயம். அவர்கள் இரண்டு பேரையும் விட்டால் எனக்கு யார் அண்ணே? அதற்காக உங்களைப் பலி கொடுத்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. மறுநாள் வீட்டுக்குள் வந்து பார்த்தால் ஜெனரேட்டர் நின்றிருந்தது, மெயின் இறங்கியிருந்தது, ஒயரைச் சுருட்டி முடிச்சுப் போட்டு உரச் சாக்குக்குப் பின்னால் யாரோ வைத்திருந்தார்கள். அவரைக் கேட்டேன், நான் தொடவில்லை என்றார். அந்த ஒயரை நான் பிரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அதைத்தான் இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். அந்த ஜஸ்டின் சாரிடம் காட்டுங்கள். என் பேரைச் சொல்லுங்கள். இதனால் செத்த கேஸ் உண்டு என்று எழுதிக் கொடுங்கள்.

அமிர்தவல்லி


கிளிஞ்சல் தீவு
7.10.2025

அன்புத் தங்கச்சி அமிர்தத்துக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது.

பார்சல் கிடைத்தது. ஒயரை மேசையில் வைத்து உன் கடுதாசியை வாசித்தேன். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை, மீனாக்ஷி அம்மா வாங்கி வாசித்து முடித்தார். ஜஸ்டின் ஒயரைக் கையில் எடுத்து இரண்டு பிளக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மன்னிச்சுருங்க சார். நான் கேஸுன்னு கேட்டது உங்க தம்பியன்னு தெரியாது" என்றார்.

எழிலரசனைக் கூப்பிட்டோம். "இப்படி ஒருத்தர் செய்வாங்கன்னு நாங்க நெனக்கலங்க ஐயா" என்று அழாத குறை. "வீட்டுல மாடு கத்தும்டா, மீன் கெடும்டா, செய்யத்தான் செய்வாங்க" என்றேன். முதல் பரிசு அவர்களுக்குத்தான், ஆனால் இப்போதே கையில் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கைப்பிடி வைக்க வேண்டும். இந்தப் பக்கம் தள்ளினால் ஊர்க் கரண்டு, அந்தப் பக்கம் தள்ளினால் சொந்தக் கரண்டு, இரண்டும் சேரவே முடியாது. சொந்தக் கரண்டில் ஐஸ் பெட்டி நிற்காமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஒயர் முளைக்கும். எல்லாக் கம்பத்தடியிலும் எர்த் சங்கிலி. சரியாக இருக்கிறது என்று மரியசெல்வம் இடது கையால் கையெழுத்துப் போட்டால்தான் பரிசு. மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

இனி உன் விஷயம். அமிர்தம், அந்த முடிச்சு என்னுடையது.

அன்று தம்பியைத் தூக்கிப்போக வேட்டி எடுக்க உன் வீட்டுக்குள் வந்தேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் மேலே ஏறியிருந்தது. ஒரு பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது. மெயினை இறக்கினேன், ஜெனரேட்டரை நிறுத்தினேன், ஒயரைச் சுருட்டி ஒளித்துவிட்டு வெளியே வந்து, நான்தான் ஏறச் சொன்னேன் என்று அழுதேன். அது பொய் இல்லை. சங்கிலி போட்டிருந்தால் உன் கரண்டு அவனை ஒன்றும் செய்திருக்காது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால்தான் பொய். முதல் வருஷம் உன் கையால் சாப்பிட்ட சோறு எனக்கு இறங்காது. ஆனால் ஒரே நாளில் தம்பியையும் விட்டு, தங்கச்சியையும் விட முடியுமா? அதனால் பேசாமல் இருந்தேன். வீடுகளுக்குள் போகவில்லை என்று எழுதினது பொய், எல்லாம் தெரிந்துகொண்டேதான் இங்கேயிருந்து உன்னைக் கேட்டேன். நீ சொல்லாமல் உன்னை எடுத்து அவர்கள் முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதில் உன்னைக் கஷ்டப்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்.

கார்த்திகாவிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்லாமலே இருந்தாலும் எனக்குச் சம்மதம். இத்தனை வருஷம் தாங்கினவனுக்கு இனிமேல் என்ன?

அடுத்த மாதம் வாரேன்.

உன் அண்ணன்
சிவசாமி


கந்தர்வக்கோட்டை
24.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடுதாசியை மூன்று தடவை படித்தேன். ஏழு வருஷம் இரண்டு பேரும் ஒரே ஒயரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம், பைத்தியம் மாதிரி. மறுநாள் காலையில் கடுதாசியை எடுத்துக்கொண்டு கார்த்திகா வீட்டுக்குப் போனேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடுதாசியையும் கொடுத்தேன்.

அவள் திட்டவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவும் இல்லை. படித்து முடித்து "போங்கண்ணி" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் வேலிப் படலைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டாள். பத்து நாளாகிறது. இலக்கியா வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது என்னைப் பார்க்கிறாள், பேசுவதில்லை. கட்டின கயிற்றை அவள்தான் அவிழ்க்க வேண்டும், நான் தொடமாட்டேன்.

நேற்று இலக்கியா ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். கார்த்திகா எழுத்து. உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். "பெரியவரு எந்தக் கப்பல்ல வாராருன்னு கேட்டுச் சொல்லுங்க. வந்தா எங்க வீட்டுலதான் சாப்பிடணும்."

அதனால் நீங்கள் வந்ததும் முதலில் அங்கே போங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். என் வீட்டுக்குப் பிறகு வந்தால் போதும். முந்திரி வறுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து கரண்டு இல்லை. கொல்லைக் கம்பத்தில் யாரோ ஏறி வேலை பார்க்கிறார்கள். வந்துவிட்டதா என்று தெருவில் எல்லோரும் மெயினை ஏற்றிப் பார்க்கிறார்கள். நான் இறக்கிவிட்டு, அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவர்கள் இறங்கிப் போகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன்.

உங்கள் தங்கை
அமிர்தவல்லி